பத்தாம் நாளில் கொடுத்த ரத்தம்

புது உறவு. ஒருமுறை ஆணுறை இல்லாமல் நடந்துவிட்டது. மூன்றாம் நாள் தொடையிடுக்கில் லேசான அரிப்பு. கொப்புளமோ புண்ணோ கிடையாது. ஆனாலும் பயம் விடவில்லை. யாரிடமும் கேட்காமல் பத்தாம் நாள் ஒரு லேபில் ரத்தம் கொடுத்தேன். சாயங்காலம் போனுக்கு ரிப்போர்ட் வந்தது. ஹெர்பிஸ் (கொப்புளம் வரவைக்கும் வைரஸ்) 1, 2 இரண்டு வகைக்கும் சேர்த்து ஐஜிஎம் பாசிடிவ், ஐஜிஜி பாசிடிவ். இரண்டும் வைரஸை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள். அன்று இரவு சோறு இறங்கவில்லை. அந்தப் பெண் அழைத்தும் மூன்று நாள் நான் போனை எடுக்கவில்லை. மனசுக்குள்ளேயே அவள் மேல் பழி போட்டுவிட்டேன். இன்றைக்கும் உறுத்துவது அதுதான்.

பால்வினை நோய் பார்க்கும் தோல் டாக்டரிடம் போனேன். ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, "புண் இருக்கா? எத்தனை நாள் ஆச்சு?" என்றார். அடுத்து, "சின்ன வயசுல காய்ச்சல் வந்தா உதட்டோரம் கொப்புளம் வருமா?" வரும். உடம்புச் சூடு என்று அம்மா வெண்ணெய் தடவுவாள். அது பெரும்பாலும் வாயோரம் வரும் ஹெர்பிஸ் 1-ஆக இருக்கலாம் என்றார். உலகில் 50 வயதுக்குக் கீழே மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமானவர்களிடம் அந்த வகை இருப்பதாக உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. இரண்டு வகையையும் சேர்த்துப் பார்க்கும் டெஸ்ட்டில் அந்தப் பழைய தொற்றே பாசிடிவ் காட்டிவிடும். ஐஜிஎம் டெஸ்ட் 1-ஆ 2-ஆ என்று பிரித்துச் சொல்லாது, பழைய தொற்று கிளம்பினாலும் ஏறும், தவறாகவும் ஏறும். ஹெர்பிஸுக்கு அதைக் கணக்கிலேயே எடுக்கக் கூடாது என்றார். புதுத் தொற்றுக்கான ஐஜிஜி நம்பும்படி தெரிய 12 வாரம் வரை ஆகலாமாம்.

அந்த 12 வாரத்தைத் தள்ளியது பெரும்பாடு. பிறகு பிறப்புறுப்பில் அதிகம் வரும் வகை 2-க்கான ஐஜிஜியை மட்டும் தனியாகப் பார்த்ததில் அளவு 1.4. ரிப்போர்ட்டில் 1.1-க்கு மேல் பாசிடிவ் என்று அச்சடித்திருந்தது. திரும்பவும் கை நடுங்கியது. 3-க்குக் கீழே உள்ள அளவுகளில் பொய் பாசிடிவ் வருவது சகஜம், வேறு முறையில் உறுதி செய்யாமல் எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். 2023-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவும் இந்த டெஸ்ட்டுகளில் பொய் பாசிடிவ் வரலாம் என்று எச்சரித்திருந்தது. வேறு முறையில் பார்த்தபோது நெகட்டிவ்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த மூணு நாள் இதுக்குத்தானா?" என்று மட்டும் கேட்டாள்.

*

சகோ, உங்கள் கதையைப் படித்தேன். எனக்கு நடந்தது நேர்மாறு. கொப்புளம் வந்தது. வெட்கத்தில் யாரிடமும் காட்டவில்லை. அக்கி என்று நினைத்துக் காவி பூசினேன். பொருக்குத் தட்டிய பிறகுதான் டாக்டரிடம் போனேன். புண்ணில் பஞ்சுக்குச்சியால் தடவி ஸ்வாப் எடுத்தார்கள், நெகட்டிவ். நிம்மதியாக இருந்துவிட்டேன். நாலு மாதத்தில் அதே இடத்தில் மறுபடி எரிச்சல். இந்த முறை கொப்புளம் உடையும் முன்பே, மறுநாளே போனேன். ஸ்வாபில் வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் டெஸ்ட்டில் வகை 2 பாசிடிவ். புண் ஈரமாக இருக்கும்போது எடுத்தால்தான் வைரஸ் சிக்கும், காய்ந்துவிட்டால் இருப்பதும் தெரியாமல் போகலாம் என்றார் டாக்டரம்மா. வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மருந்து கொடுத்தார், சீக்கிரமே ஆறிவிட்டது. புண் இருப்பவர்கள் ரத்த டெஸ்ட்டுக்கு ஓடாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் காட்டி ஸ்வாப் கேளுங்கள்.