தோற்றவர் பக்கத்திலிருந்து போரை எழுதுவது எப்போது வக்காலத்தாக மாறுகிறது?

ஏடுதேடி:

வணக்கம். இரண்டாம் உலகப் போரைத் தோற்ற நாட்டவரின் கண்வழியே சொல்லும் கட்டுரைத் தொடர் ஒன்றைச் சில மாதங்களாக எழுதி வருகிறேன். கிழக்குப் போர்முனையில் இருந்த ஜெர்மானியச் சிப்பாய்களின் கடிதங்கள், குண்டுவீச்சில் உயிர்தப்பிய நகரவாசிகளின் நினைவுக்குறிப்புகள், தளபதிகளின் தன்வரலாறுகள் ஆகியவற்றை மொழிபெயர்ப்பில் படித்து, அவற்றையே முதன்மைச் சான்றுகளாகக் கொண்டிருக்கிறேன். முதல் மூன்று பகுதிகளைப் படித்த நண்பர் ஒருவர், “இது வரலாறு மாதிரி இல்லை, வக்காலத்து மாதிரி இருக்கிறது” என்றார். வரிவரியாகத் திரும்பப் படித்துப் பார்த்தேன். பொய்யென்று சொல்லத்தக்க தகவல் ஒன்றும் அதில் இல்லை. இருந்தும் அவர் சொன்னதில் உண்மை இருப்பதாகவே மனத்துக்குப் படுகிறது. எந்த இடத்தில் பிசகினேன் என்பதுதான் பிடிபடவில்லை.

வரலாற்றை வென்றவர்களே எழுதுகிறார்கள், விடுபட்ட மறுபக்கத்தை யாராவது எழுத வேண்டும் என்ற எண்ணத்தில்தான் இதைத் தொடங்கினேன். தோற்றவரின் குரலைக் கேட்கச் செய்வதற்கும் தோற்றவருக்காக வாதாடுவதற்கும் இடையிலான கோட்டை நீங்கள் எங்கே போடுவீர்கள்?

பழஞ்சுவடி:

உங்கள் தொடக்கப் புள்ளியிலேயே எனக்கு ஒரு மறுப்பு உண்டு. வென்றவர்களே வரலாற்றை எழுதுகிறார்கள் என்பது நீங்கள் எடுத்துக்கொண்ட போருக்கே சரியாகப் பொருந்தவில்லை. 1938 முதல் 1942 வரை ஜெர்மன் தரைப்படைத் தலைமைப் பணியகத்தின் தலைவராக இருந்த ஃபிரான்ஸ் ஹால்டர், போர் முடிந்தபின் அமெரிக்க இராணுவத்தின் வரலாற்றுப் பிரிவுக்காகப் பல ஆண்டுகள் வேலை செய்தார். பனிப்போர் தொடங்கிவிட்டிருந்ததால், சோவியத் படையோடு மோதியவர்களின் அனுபவம் அமெரிக்கர்களுக்குத் தேவைப்பட்டது. ஹால்டரின் மேற்பார்வையில் நூற்றுக்கணக்கான முன்னாள் அதிகாரிகள் எழுதிக் குவித்தார்கள். ஹிட்லர் குறுக்கிட்டதால் தோற்றோம், குளிர் முந்திக்கொண்டதால் தோற்றோம், எதிரியின் எண்ணிக்கை பெருகியதால் தோற்றோம், கொலைகளைச் செய்தது நாஜிக் கட்சியின் எஸ்.எஸ். படைதான், தரைப்படை போரை மட்டுமே செய்தது என்ற சித்திரம் மேற்குலகில் பல பத்தாண்டுகள் அசையாமல் நின்றது. பிடிபடும் சோவியத் அரசியல் அதிகாரிகளைச் சுட்டுக்கொல்லச் சொன்ன 1941 ஜூன் மாத ஆணையை வரைந்ததில் ஹால்டரின் பணியகத்துக்கும் பங்கு இருந்தது என்பதற்கு அந்தச் சித்திரத்தில் இடமில்லை. 1961இல் அமெரிக்க அரசு அவருக்கு விருது கொடுத்துச் சிறப்பித்தது. எழுதியவர் தோற்றவர், தாளும் மையும் கொடுத்தவர் வென்றவர். 1995இல் ஹாம்பர்க்கில் தொடங்கிய ஒரு புகைப்படக் கண்காட்சி, தரைப்படையின் குற்றங்களைப் பொதுமக்கள் முன் வைத்தபோது ஜெர்மனியே கொந்தளித்தது. அதற்குள் ஐம்பது ஆண்டுகள் ஓடிவிட்டன.

ஆகவே உங்களிடமுள்ள தளபதிகளின் தன்வரலாறுகளை விடுபட்ட மறுபக்கம் என்று எண்ணாதீர்கள். நெடுங்காலம் அவைதான் முதற்பக்கமாக இருந்தன.

பேச்சு கொஞ்சம் விலகினாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பரணி இலக்கியத்துக்குத் தோற்றவர் பெயரையே சூட்டுவது மரபு. கலிங்கத்துப்பரணியின் பெயரில் கலிங்கம் இருக்கிறது. உள்ளே கேட்பதோ குலோத்துங்கனின் வெற்றி முரசு. புறநானூற்றின் 66ஆம் பாட்டில் நிலைமை தலைகீழாக இருக்கிறது. வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனையே முன்னிலைப்படுத்தி, புறப்புண் நாணி வடக்கிருந்த சேரன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று கேட்கிறார் வெண்ணிக்குயத்தியார். தோற்றவரின் பக்கத்தை மதித்து ஒரு சொல் சொல்லத் தோற்றவரின் வக்கீலாக வேண்டியதில்லை என்பதற்கு எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது அந்தப் பாட்டுதான்.

கார்முகில்:

நான் வேறொரு போரிலிருந்து வருகிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலங்களின் பார்வை என்று ஒன்று நூற்றாண்டுக்கு மேலாக வழங்கி வருகிறது. அடிமைமுறையைக் காக்க நாங்கள் போரிடவில்லை, மாநிலங்களின் உரிமையைக் காக்கவே போரிட்டோம் என்பது அதன் சாரம். பிரிந்துபோன அந்தப் பதினொரு மாநிலங்களில் அப்போது வாழ்ந்தவர்கள் சுமார் 90 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ 35 லட்சம் பேர் அடிமைகள். 1865இல் தெற்கு தோற்றது என்று எழுதும்போது இந்த 35 லட்சம் பேரை எந்தப் பக்கத்தில் வைக்கிறோம்? அவர்களும் தெற்கின் மண்ணில் பிறந்து, தெற்கின் பருத்தியைப் பறித்தவர்கள்தான். ஆனால் எசமானர்களின் தோல்வி அவர்களுக்கு விடுதலையாக வந்து சேர்ந்தது. தெற்கின் பார்வை என்று வாயெடுக்கும்போதே மூன்றில் ஒருவருக்கும் மேற்பட்டோரைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறோம். ஏடுதேடி ஐயா, பொய் ஏதும் இல்லாமலேயே உங்கள் கட்டுரையில் வக்காலத்தின் வாடை வீசுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். எழுதிய வரிகளைச் சரிபார்த்தீர்கள். யாரெல்லாம் அந்த வரிகளுக்குள் வரவேயில்லை என்று பார்த்தீர்களா?

இன்னொரு வழியும் உண்டு. ஒரே மனிதர் தோல்விக்கு முன் சொன்னதையும் பின் சொன்னதையும் அருகருகே வைத்துப் படியுங்கள். தென்மாநிலக் கூட்டமைப்பின் துணைத்தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச் மாதம் சவான்னா நகரில் பேசியபோது, கறுப்பினத்தவர் வெள்ளையருக்குச் சமமல்லர் என்பதே தங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னார். போரில் தோற்றபின் 1868இலும் 1870இலும் இரண்டு பெரும் தொகுதிகள் எழுதினார். அவற்றில் போரின் காரணம் அரசமைப்புச் சட்டத்தைப் பற்றிய கருத்து வேறுபாடாக உருமாறியிருந்தது. பிறகு 1894இல் உருவான தென்மாநில மகளிர் அமைப்பு ஒன்று, இந்தப் பிற்காலக் கதையே பள்ளிப் பாடநூல்களில் இடம்பெறும்படி பார்த்துக்கொண்டது. தன்வரலாறுகளை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. அவை போரைப் பற்றிய சான்றாக இருப்பதைவிட, தோற்றபின் ஒருவர் தன்னை எப்படித் தேற்றிக்கொள்கிறார் என்பதற்கே நல்ல சான்றுகள். போர்க்காலத்திலேயே எழுதப்பட்ட நாட்குறிப்புகளும் ஆணைகளும் கிடைக்குமானால் முதலில் அவற்றை எடுங்கள்.

தூரத்துமணி:

மேலே பேசிய இருவரும் தலைவர்களையும் தளபதிகளையும் பற்றியே பேசியிருக்கிறீர்கள். கேள்வியில் நகரவாசிகளும் இருக்கிறார்கள். 1945 பிப்ரவரி 13ஆம் நாள் இரவு, நேச நாடுகளின் குண்டுவீச்சின்போது, ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஒரு நிலவறையில் பிள்ளைகளோடு ஒடுங்கிக் கிடந்த பெண்ணின் நினைவை எழுதும்போது, ஒவ்வொரு பத்தியின் இறுதியிலும் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமை நினைவூட்ட வேண்டும் என்றால் அதை என்னால் ஏற்க முடியாது. அந்தப் பெண்ணின் பயம் உண்மையானது. அவளுடைய அரசு செய்த குற்றத்தைச் சொல்லித்தான் அவளைப் பேச அனுமதிப்போம் என்பது வரலாற்றாசிரியர் செய்யும் வேலை அல்ல. நீதிமன்றத்தில்கூட சாட்சியை அப்படி நடத்துவதில்லை.

ஆனால் அந்தத் துயரத்துக்குத் துரோகம் செய்பவர்கள் பெரும்பாலும் அதற்காகப் பேசுவதாகச் சொல்லிக்கொள்பவர்கள்தாம். டிரெஸ்டனில் இரண்டு லட்சம் பேர் இறந்ததாக வெகுகாலம் பரவிய கணக்கின் மூலத்தைப் பாருங்கள். 1945 மார்ச் மாதக் காவல்துறை அறிக்கையில் அதுவரை எண்ணப்பட்ட உடல்கள் 20,204 என்று இருந்தது. யாரோ அதன் வாலில் ஒரு சுழியைச் சேர்த்து 2,02,040 ஆக்கினார்கள். அந்த நகரமே அமர்த்திய வரலாற்றறிஞர் குழு, பல ஆண்டுகள் ஆவணங்களைத் துருவியபின், இறந்தோர் 25,000 வரை இருக்கலாம் என்று 2010இல் அறிவித்தது. இருபத்தையாயிரம் உயிர்கள் போதாதா? போதாது என்று நினைப்பவருக்கு இறந்தவர்கள் முக்கியமல்ல. எதிர்க்கட்சியின் கணக்கோடு ஈடுகட்ட ஓர் எண் வேண்டும், அவ்வளவே.

ஹிரோஷிமாவிலும் பிசிறில்லாத ஒற்றைக் குரல் இல்லை. 1945 ஆகஸ்ட் 6 அன்று அங்கே இறந்தவர்களில் கொரியர்கள் பலர். ஜப்பானின் குடியேற்ற ஆட்சியால் அங்கு வந்து சேர்ந்தவர்கள். அவர்களுக்கான நினைவுச்சின்னம் 1970இல் எழுப்பப்பட்டபோது அமைதிப் பூங்காவின் எல்லைக்கு வெளியேதான் நின்றது. உள்ளே இடம்மாற்றப்பட்டது 1999இல். தோற்றவர்களுக்குள்ளும் யாருக்கு முன்வரிசை, யாருக்கு வாசற்புறம் என்று ஒரு வரிசை இருக்கத்தான் செய்கிறது.

கிளிஞ்சல்:

தூரத்துமணி சொன்ன அந்த வரிசைக்கு இன்னும் பழைய எடுத்துக்காட்டு ஒன்று. 1521 ஆகஸ்ட் 13இல் ஸ்பானியரிடம் வீழ்ந்த, மெக்சிகோவின் அஸ்டெக் தலைநகரான டெனோச்டிட்லானின் கதையை நாவாட்ல் மொழியில் பூர்வகுடியினரே சொன்ன பதிவு ஒன்று, சகாகுன் என்ற பாதிரியார் தொகுத்த பெருநூலின் பன்னிரண்டாம் பகுதியாக நமக்குக் கிடைத்திருக்கிறது. தோற்றவரின் குரல் என்றால் இதைவிட நேரடியான ஒன்றைத் தேடிப் பிடிப்பது கடினம். ஆனால் சொன்னவர்கள் டெனோச்டிட்லானை ஒட்டியிருந்த ட்லாடெலோல்கோ நகரத்தார். கடைசிவரை நின்று போரிட்டது தாங்கள்தாம், பக்கத்து ஊரார் துணிவிழந்துவிட்டார்கள் என்று தங்கள் பெருமையைத் தூக்கி நிறுத்தவே அதில் பாடுபடுகிறார்கள். ஸ்பானியரோடு சேர்ந்து போரிட்ட ட்லாஷ்கலா மக்களோ தங்களை வென்றவர்களாகவே துணியில் ஓவியமாக வரைந்து வைத்தார்கள். எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டிப் பூர்வகுடியினர் என்று பெயரிட்டது பிற்காலத்தவரின் வசதிக்காக.

தோல்வி சிலரின் பார்வையைக் கூர்மையாக்கியிருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். கி.மு. 424இல் ஆம்ஃபிபோலிஸ் நகரைக் காப்பாற்றத் தவறியதற்காக இருபது ஆண்டுகள் நாடுகடத்தப்பட்ட ஏதென்ஸ் தளபதியும் வரலாற்றாசிரியருமான துசிடிடீஸ், அதனால்தான் எதிரிகளின் பக்கத்தையும் அருகிருந்து அறிய முடிந்தது என்று தானே எழுதுகிறார். பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மார்க் பிளாக் 1940இல் பிரான்சின் வீழ்ச்சியைப் பற்றி எழுதியபோது குற்றவாளிகளின் பட்டியலில் தன் தலைமுறையையும் தன்னையும் விட்டுவைக்கவில்லை. 1944இல் ஜெர்மானியர் அவரைச் சுட்டுக்கொன்றனர். அந்த நூல் 1946இல்தான் வெளிவந்தது. எங்களை யார் ஏமாற்றினார்கள் என்று கேட்பவரின் எழுத்தையும், நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்பவரின் எழுத்தையும் இரண்டு பக்கம் படித்தாலே பிரித்தறிந்துவிடலாம்.

ஏடுதேடி:

அனைவருக்கும் நன்றி. கார்முகில் கேட்ட கேள்வியை வைத்துக்கொண்டு மூன்றாம் பகுதியை நேற்றிரவு மறுபடி எடுத்துப் பார்த்தேன். 1943 மார்ச்சில் ரஷ்யாவின் ரிஷேவ் முனையிலிருந்து பின்வாங்கிய ஒரு சிப்பாயின் கடிதத்தை நம்பி எழுதிய பகுதி அது. பனி, பசி, காலில் புண், வழியில் விட்டுவந்த தோழன் எல்லாவற்றையும் விரிவாக எழுதியிருக்கிறேன். நடுவே, இரவு தங்கிய கிராமத்தில் ஆள் யாரும் இல்லை, ஒரு வீட்டில் அடுப்பு மட்டும் இன்னும் சூடாக இருந்தது என்று அவர் எழுதியிருந்த செய்தி வருகிறது. அதன் அழகுக்காகவே அதை எடுத்தாண்டிருந்தேன். அந்தப் பின்வாங்கலின்போது ஜெர்மன் படை கிராமங்களை எரித்ததும், அங்கிருந்த மக்களைத் தங்களோடு மேற்கே ஓட்டிச் சென்றதும் நான் படித்து அறிந்த செய்திகள்தாம். ஆனாலும் அந்த அடுப்பை மூட்டியவர் யார், அவர் எங்கே போனார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. கடிதம் எழுதியவருக்கும் தோன்றவில்லை. அவரைப் பின்தொடர்ந்து எழுதிய நானும் அவரைப் போலவே அந்த அடுப்பில் குளிர்காய்ந்துவிட்டுப் போயிருக்கிறேன்.

தூரத்துமணி சொன்னபடி அந்தச் சிப்பாயின் புண்ணையும் பசியையும் நீக்கப் போவதில்லை. அந்த வீட்டிலிருந்து பகுதியைத் திரும்பத் தொடங்கலாம் என்று இருக்கிறேன். ரிஷேவ் வட்டாரத்துக் கிராமவாசிகள் போருக்குப் பின் கொடுத்த வாக்குமூலங்கள் ரஷ்ய மொழி தெரியாதவருக்கும் படிக்கக் கிடைக்கும் இடம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.