பால்மிட்டோயிலேற்றச் சோதனை: கட்டுப்பாட்டு மாதிரியிலும் பட்டை வருகிறது, உதவுங்கள்

திருகோணமலையில் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் எச்-ராஸ் என்ற கலச் சமிக்ஞைப் புரதத்தின் பால்மிட்டோயிலேற்றத்தை, அதாவது அதில் பால்மிட்டிக் அமிலம் ஒட்டுவதை, பார்க்கிறேன். இந்த 16 காபன் கொழுப்பமிலம் புரதத்தின் சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டினால்தான் எச்-ராஸ் கலமென்சவ்வில் நிலைக்கும். என் ஆய்வே அதில்தான் நிற்கிறது. பயன்படுத்துவது அசைல்-பயோட்டின் மாற்று முறை: கொழுப்பமிலத்தை நீக்கி, அந்த இடத்தில் பயோட்டினை ஒட்டி, மணிகளில் பிடிப்பது. ஆறு வாரமாக ஒரே சிக்கல்: கொழுப்பமிலத்தை நீக்கும் ஹைட்ரொக்சிலமைனைச் சேர்க்காத கட்டுப்பாட்டு மாதிரியில் பட்டை வரக்கூடாது, ஆனால் அதிலும் எச்-ராஸின் 21 கிலோடால்டனில் அதே அளவு பட்டை.

கொழுப்பமிலம் ஒட்டாத சிஸ்டைன்களைத் தடுக்கும் என்-எதைல்மேலிமைட்டை 10 மில்லிமோலரிலிருந்து 25க்கு உயர்த்தி, 4 பாகையில் இரவு முழுக்க வைத்தேன். ஒவ்வொரு முறையும் எதனோலில் புதிதாகத்தான் கரைக்கிறேன். மிஞ்சியதை நீக்கக் குளோரோஃபோம்-மெதனோல் வீழ்படிவு மூன்று தடவை. அப்புறம் பயோட்டினைப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் மணிகளையும் மாற்றினேன். கொழும்பிலிருந்து அவை வரவே இரண்டு வாரம் போனது. பட்டை கொஞ்சமும் குறையவில்லை.

தடுபடாத சிஸ்டைன்தான் காரணமா, புரதம் மணிகளில் வெறுமனே ஒட்டுகிறதா என்பதை எந்தச் சோதனையால் பிரித்தறியலாம்?