பர்மிங்ஹாம் பக்கம் புதிதாக வந்தவர்களுக்கு: போவிஸ் கோட்டைத் தோட்டம்

வார விடுமுறையில் குடும்பத்தோடு எங்கே போகலாம் என்று கேட்டவர்களுக்கு என் ஓட்டு வேல்ஸில் இருக்கும் போவிஸ் கோட்டைக்குத்தான். கார் இல்லாவிட்டால் கவலையில்லை. பர்மிங்ஹாம் நியூ ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் ஏறினால் ஷ்ரூஸ்பரி வழியாக, கோட்டை இருக்கும் ஊரான வெல்ஷ்பூலுக்கு நேர் ரயில். அங்கிருந்து நடந்தே போகலாம், கடைசியில் கொஞ்சம் ஏற்றம்.

இடம் நேஷனல் டிரஸ்டுடையது, பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் பராமரிக்கும் அறக்கட்டளை அது. டிக்கெட் வாங்கும்போது 'கிஃப்ட் எய்ட்' (நீங்கள் கட்டிய வரியில் ஒரு பங்கை அறக்கட்டளை அரசிடமிருந்து வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு) என்று சற்றே கூடுதல் விலை சொன்னால், இங்கே வருமான வரி கட்டுபவர் மட்டும் சரி என்று சொல்லுங்கள். மாணவராகவோ வேலையில்லாத டிபெண்டன்ட்டாகவோ இருந்தால் சாதாரண விலையே போதும். வருஷத்துக்கு நாலைந்து இடமாவது சுற்றுகிற குடும்பம் என்றால் உறுப்பினர் அட்டையை யோசிக்கலாம்.

தோட்டம் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாறையை வெட்டி அமைத்தது, அடுக்கடுக்காகச் சரிவில் இறங்கும். படிகள் அதிகம், கைக்குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள், தள்ளுவண்டி சள்ளை. மேலடுக்கில் 300 வருஷத்து யூ (yew) என்ற பசுமை மாறா ஊசியிலை மரங்கள், புளித்த மாவு பாத்திரத்தை விட்டுப் பொங்கினாற்போல் சுவர் மேல் வழிந்து நிற்கின்றன. அவற்றைக் கத்தரிக்க இயந்திரத் தூக்கியில் ஏறித்தான் ஆக வேண்டும். இலையுதிர்காலத்தில் அதில் சின்னச் சிவப்புப் பழம் தொங்கும்; உள்ளே இருக்கும் விதை கடும் விஷம், இலையும் அப்படியே. எதையும் வாயில் போடும் வயசுப் பிள்ளைகள் என்றால் கண் வைத்திருங்கள்.

பூவைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள், கோட்டைக்குள் நம் ஊர்க் கதை ஒன்று இருக்கிறது. ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் இந்தக் கோட்டைக் குடும்பத்துப் பெண் ஹென்ரியட்டாவை 1784இல் கட்டிக்கொண்டவர். 1798 முதல் 1803 வரை சென்னையில் கவர்னர். திப்பு விழுந்தது, கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டது, மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது எல்லாம் அந்த ஐந்து வருஷத்துக்குள். கிளைவ் குடும்பம் இந்தியாவிலிருந்து கொண்டுவந்தவை கோட்டைக்குள் தனி அருங்காட்சியகமாக இருக்கின்றன. திப்புவின் சிம்மாசனத்திலிருந்து பெயர்த்த தங்கப் புலித்தலை அதில் ஒன்று. அவருடைய பூப்போட்ட கூடாரமும் இந்தத் தொகுப்பைச் சேர்ந்ததுதான். 'சேகரித்தவை' என்று மரியாதையாகச் சொல்வார்கள். எனக்கு அந்த மரியாதை வரவில்லை. பெரிய பிள்ளைகளுக்கு யார் வீட்டுப் பொருள் என்று சொல்லிக் காட்டுங்கள்.

கோட்டைக்கும் தோட்டத்துக்கும் நேரம் வேறு வேறு, கோட்டையைச் சீக்கிரம் மூடிவிடுவார்கள். அதனால் முதலில் உள்ளே, அப்புறம் தோட்டம். கிளம்புமுன் இணையத்தில் அன்றைய நேரத்தைப் பார்த்துவிடுங்கள். திரும்பும் ரயிலும் அடிக்கடி கிடையாது.