டிஜிட்டல் ஆர்கனில் ‘வாய்சிங்’: தமிழில் என்ன சொல்வது?

அக்கா, வணக்கம்.

நம் கையேட்டுக்கு டிஜிட்டல் ஆர்கன் பற்றிய தமிழ்ச் சொற்களைப் பார்த்தேன். விசைப்பலகையால் வாசிக்கும் இந்தக் கருவிக்கு ‘எண்ணிம ஆர்கன்’ போதும். ஐயா சொன்ன ‘மின்னணு ஆர்கன்’ சரிவராது. ஆலன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் முதல் டிஜிட்டல் ஆர்கன் வந்தது 1971-இல். அதற்கு முன்பே மின்சுற்றுகளால் ஒலி எழுப்பிய மின்னணு ஆர்கன்கள் இருந்தன, அவை வேறு வகை. ‘ஆர்கன்’ அப்படியே இருக்கட்டும். மதுரை நரிமேட்டில் ஆலயப் பாமாலைக்கு வாசிப்பவர்களுக்குப் பழகிய பெயர் அதுதான்.

‘வாய்சிங்’குக்குத்தான் நம்மிடம் சொல் இல்லை. குழாய் ஆர்கனில் கைவினைஞர் ஒவ்வொரு குழாயின் வாயையும் செதுக்கி, காற்று நுழையும் அடித்துளையைப் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ நாதத்தைச் சரிசெய்வார். டிஜிட்டலில் அதே வேலை மென்பொருளில் நடக்கிறது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் (ஒரே வகை நாதம் தரும் ஒலி வரிசை) ஒவ்வொரு கட்டைக்கும் ஒலியளவு, கூர்மை, ஒலி எழும்பும் கணத்தில் வரும் காற்றுச் சீறல் எல்லாவற்றையும் தனித்தனியாகத் திருத்த வேண்டும். கைவிசைப்பலகைக்கு 61 கட்டை. 40 ஸ்டாப் இருந்தால் இரண்டாயிரத்துக்கும் மேல் வரும். அதுவும் கட்டடத்துக்குக் கட்டடம் மாறும். கீழவெளி வீதி மரியன்னை பேராலயத்துக்குப் பொருந்துவது உசிலம்பட்டிப் பக்கம் தகரக் கூரை போட்ட சபைக்குப் பொருந்தாது.

கச்சேரிக் கலைஞர் தேவைப்படுவது இங்கேதான். பொறியாளர் கட்டை கட்டையாகச் சோதிக்கலாம். ஆனால் காலால் வாசிக்கும் கீழ் ஒலி மேலே போகும் மெட்டை விழுங்குகிறதா என்பது ஒரு முழுப் பாட்டை வாசித்தால்தான் தெரியும். ஊருக்கு ஊர் வேறு ஆர்கனில் வாசிக்க வேண்டியிருந்த அமெரிக்க ஆர்கன் கலைஞர் கேமரன் கார்பென்டர், டிஜிட்டல் ஆர்கன் செய்யும் மார்ஷல் அண்ட் ஓகில்ட்ரீ நிறுவனத்தோடு சேர்ந்து, ஊர் ஊராகக் கொண்டுபோகும் ஐந்து விசைப்பலகை ஆர்கனை உருவாக்கினார். 2014 மார்ச்சில் நியூயார்க் லிங்கன் சென்டரில் அது அரங்கேறியது. அதே நிறுவனம்தான் 2003-இல் நியூயார்க் டிரினிட்டி ஆலயத்துக்கும் டிஜிட்டல் ஆர்கன் செய்தது. அங்கிருந்த குழாய் ஆர்கன் 2001 செப்டம்பர் 11 தாக்குதலின் தூசியால் பழுதாகியிருந்தது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். நீங்கள் தந்த ‘குரலமைப்பு’ அழகாக இருக்கிறது. ஆனால் குரல், துத்தம், கைக்கிளை என்று போகும் ஏழிசையில் குரல் முதல் சுரம். இசை படித்தவர் சட்சத்தைச் சரிசெய்வதாக எடுத்துக்கொள்வார். சுருதி சேர்ப்பது வேறு, இது வேறு. நல்ல வாத்தியத்தை ‘நாதம் இருக்கிறது’ என்றுதானே சொல்கிறோம்? அதனால் ‘நாதப்பதம்’, வினைக்கு ‘நாதம் பதப்படுத்துதல்’.

*

தம்பி,

நாதப்பதம் எனக்குப் பிடித்திருக்கிறது. குரலமைப்பை விட்டுவிடுகிறேன். வினைதான் உறுத்துகிறது. பதப்படுத்துவது என்பதைத் திண்டுக்கல் பக்கம் தோலுக்குச் சொல்கிறார்கள். அது கெடாமல் காக்கிற வேலை. ‘நாதம் கூட்டுதல்’ என்று முதலில் நினைத்தேன். ஆனால் சின்னச் சபையில் பெரும்பாலும் குறைக்கத்தான் வேண்டியிருக்கும், அதுவும் சரியில்லை. ‘நாதம் பதமாக்குதல்’ என்று வைத்துக்கொள்வோமா?

ஸ்டாப்பை நான் தொடவில்லை. வாசிப்பவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

*

பதமாக்குதல் சரி அக்கா. கையேட்டில் முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் வாய்சிங் என்று போட்டுவிடுங்கள்.