மெக்கானிக்ஸில் கேனானிக்கல் டிரான்ஸ்ஃபர்மேஷனுக்கு (மாறிகளை மாற்றி எழுதும் முறை) அப்புறம் கை ஓடவில்லை, எப்படிப் படிப்பது?

கொழிஞ்சாம்பாறைப் பையன்:
ஊர் கொழிஞ்சாம்பாறை பக்கம். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். இப்போது பாலக்காட்டில் எம்.எஸ்சி. பிசிக்ஸ். வகுப்பு பாதி மலையாளம், பாதி ஆங்கிலம், அதில் சிரமமில்லை. கிளாசிக்கல் மெக்கானிக்ஸில் (பொருள்களின் இயக்கத்தைக் கணிக்கும் பாடம்) லாக்ராஞ்சியன், ஹாமில்டோனியன், பாய்ஸான் பிராக்கெட் வரை கணக்குப் போட்டுவிடுவேன். அதே பாடத்தின் அடுத்த படிகளான ஹாமில்டன்–ஜேக்கபி, ஆக்‌ஷன்–ஆங்கிள் வந்ததும் நின்றுவிடுகிறேன். புத்தகத்தைப் பார்த்தால் வரிக்கு வரி புரிகிறது, மூடிவிட்டால் முதல் வரியே வருவதில்லை. இன்டர்னலில் 20-க்கு 7. ஊசலுக்கு நியூட்டன் முறையில் நாலு வரியில் விடை வரும்போது இவ்வளவு சுற்று எதற்கு?

சித்தூர் டீச்சர்:
தம்பி, உன் கடைசிக் கேள்வியைப் பிடித்துக்கொள், வழி அங்கேதான் இருக்கிறது. நீளம் மாறாத ஊசலுக்கு இந்தச் சுற்று தேவையே இல்லை. நீளம் மாறிக்கொண்டே இருந்தால்?

கிணற்றில் தண்ணீர் இறைத்திருப்பாய். ஆடிக்கொண்டிருக்கும் வாளியை இழுக்க இழுக்க ஆட்டம் வேகமாகும், கயிறு சாயும் கோணமும் கூடும், கப்பிக்குக் கிட்டே வரும்போது தண்ணீர் தளும்பிச் சிந்தும். 1911-ல் பிரஸ்ஸல்ஸில் நடந்த முதல் சால்வே இயற்பியல் மாநாட்டில் லோரன்ட்ஸ் எழுப்பிய கேள்வியும் இதுதான்: ஊசல் கயிற்றை மெல்லச் சுருக்கினால் என்ன ஆகும்? ஆற்றலும் மாறும், அதிர்வெண்ணும் மாறும், ஆனால் ஒன்றை மற்றதால் வகுத்தால் வருவது மாறாது என்றார் ஐன்ஸ்டைன். அந்த மாறாத ஒன்றுதான் உன்னைத் திணறடிக்கிற ஆக்‌ஷன்.

போட்டுப் பார். சின்னக் கோணத்தில் ஆற்றல், நீளத்தையும் கோணத்தின் வர்க்கத்தையும் பெருக்கியதற்கு நேர்விகிதம். அதிர்வெண் நீளத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். வகுத்தால், கோணம் நீளத்தின் முக்கால் அடுக்குக்கு எதிர்விகிதம் என்று வரும். 16 மீட்டர் கயிறு 1 மீட்டராகச் சுருங்கினால் கோணம் 8 மடங்கு, 2 டிகிரி 16 டிகிரி ஆகும். வாளி பக்கவாட்டில் போகும் தூரமோ 56 சென்டிமீட்டரிலிருந்து 28-க்கு இறங்கும். இரண்டும் ஒரே கணக்கில் விழுகிறது பார், எனக்கு இன்றைக்கும் அலுக்காத இடம் இது.

‘மெல்ல’ என்பதைக் கவனி. 16 மீட்டரில் ஒரு ஆட்டத்துக்கு 8 விநாடி ஆகும். அதற்குள் நீளம் கொஞ்சமே மாறினால்தான் இது செல்லும்.

தினம் ஒரு புதுக் கணக்கு வேண்டாம். இந்த ஒரு வாளியை நியூட்டன், லாக்ராஞ்ச், ஹாமில்டன், ஜேக்கபி என்று எல்லா வழியிலும் நோட்டில் எழுது. அப்புறம் பேஸ் ஸ்பேஸில் (ஒரு அச்சில் கோணம், மறு அச்சில் உந்தம்) 16 மீட்டருக்கும் 1 மீட்டருக்கும் இரண்டு நீள்வட்டம் வரை. 1 மீட்டருக்கான நீள்வட்டம் கோண அச்சில் 8 மடங்கு அகன்றிருக்கும், உந்த அச்சில் 8-ல் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும். பரப்பு அதேதான். ஆக்‌ஷன் என்பது அந்தப் பரப்புதான்.

நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதுபவள்:
டீச்சர் சொன்னதோடு ஒன்று. இழுக்கும்போது கை வேலை செய்கிறது, அதனால் ஆற்றல் மாறாது என்று எழுதிவிடாதீர்கள். ஹாமில்டோனியன் என்றாலே மொத்த ஆற்றல் என்றும் நினைக்க வேண்டாம். சீராகச் சுழலும் வளையத்தில் கோத்த மணிக்கு ஹாமில்டோனியன் மாறாது, ஆனால் அது மொத்த ஆற்றல் அல்ல. நான் அங்கேதான் மதிப்பெண் விட்டேன்.

கொழிஞ்சாம்பாறைப் பையன்:
நன்றி டீச்சர், நன்றி அக்கா. முதல் தடவை ஆற்றலை மாறிலி என்றுதான் எடுத்தேன், கோணம் நாலு மடங்குதான் ஆனது. திருத்தினேன், 8 வந்தது. நீள்வட்டத்தை வரைந்த பிறகு, புத்தகத்தை மூடிவைத்துவிட்டே ஆக்‌ஷனை எழுத முடிந்தது. ஒரு சந்தேகம்: பாட்டி கை மாற்றி மாற்றி வெடுக்கென்று இழுப்பார்கள். அப்போதும் இது செல்லுமா?

சித்தூர் டீச்சர்:
செல்லாது. ஓணத்துக்கு ஊஞ்சலில் நின்று ஆடுகிறவர்களைப் பார்த்திருக்கிறாயா? நடுவில் வரும்போது எழுவார்கள், ஓரத்துக்குப் போனதும் குந்துவார்கள். ஒரு முழு ஆட்டத்துக்கு இரண்டு முறை. அதற்குப் பெயர் பாராமெட்ரிக் ரெசனன்ஸ், ஆக்‌ஷன் அங்கே ஏறிக்கொண்டே போகும். 1 மீட்டர் கயிற்றில் ஒரு ஆட்டம் 2 விநாடி. பாட்டியின் இழுப்பு விநாடிக்கு ஒன்றாக, வாளி நடுவில் வரும்போதெல்லாம் விழுகிறதா என்று எண்ணிப் பார்த்துச் சொல்.