உதவி: லாகின் ஆகிறது, அடுத்த பக்கம் போனால் மறுபடி லாகின் கேட்கிறது

குடமுருட்டி: அவசரம். மன்னார்குடி பக்கம் எங்கள் ஊருக்காக அறுவடை மெஷின் புக் செய்யும் வெப் ஆப் எழுதியிருக்கிறேன். பாஸ்வேர்டு சரியாகப் போகிறது, பெயரும் வருகிறது. பெல்ட் மெஷினா டயர் மெஷினா என்று தொட்டவுடன் லாகின் பக்கத்துக்கே தள்ளுகிறது. லாகினை நினைவில் வைக்க பிரவுசரில் சேமிக்கும் சிறு தகவலான குக்கி நிற்கவில்லை. நாளை ஊர்க் கூட்டத்தில் காட்ட வேண்டும். சம்பா அறுப்பு நெருங்கிவிட்டது.

வெட்டாறு: எதில் எழுதினீர்கள்? எந்த பிரவுசர்?

அரசலாறு: மைக்ரோசாஃப்ட்டின் ஏஎஸ்பி டாட் நெட் கோர்தானே? யார் என்று பார்க்கும் யூஸ்ஆதென்டிகேஷன் வரி, அனுமதி உண்டா என்று பார்க்கும் யூஸ்ஆத்தரைசேஷனுக்கு மேலே இருக்க வேண்டும். எனக்கு இதிலேயே இரண்டு நாள் போனது.

குடமுருட்டி: ஜாவாஸ்கிரிப்டில்தான்: நோட், எக்ஸ்பிரஸ். பிரவுசர் குரோம்.

வெண்ணாறு: தம்பி, குக்கிக்கான இணைய விதி ஆவணம் ஆர்எஃப்சி 6265 வந்தது 2011-இல். அதைப் படித்துவிட்டு ஆப் எழுத உட்காருங்கள். லாகினைப் பார்த்துக்கொள்ளும் எக்ஸ்பிரஸ்-செஷன் என்றால், ஆப்புக்கு முன்னால் கோரிக்கைகளை வாங்கிக் கொடுக்கும் என்ஜின்எக்ஸ் இருக்கிறதா? அதை நம்பச் சொல்லும் டிரஸ்ட் பிராக்ஸி வைத்தீர்களா?

குடமுருட்டி: இரண்டும் இல்லை. எக்ஸ்பிரஸின் ரெஸ்.குக்கி போட்டு, லாகின் அடையாளமான டோக்கனை நானே அனுப்புகிறேன்.

அரசலாறு: குக்கியை விடுங்கள். ஜேடபிள்யூடி என்ற டோக்கனை பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில் வையுங்கள், தொல்லை தீரும்.

வெண்ணாறு: பக்கத்தில் எந்தத் திருட்டு ஸ்கிரிப்ட் நுழைந்தாலும் அதைப் படித்துவிடும். எச்டிடிபிஒன்லி என்று குறித்த குக்கியை ஸ்கிரிப்டால் படிக்க முடியாது.

அரசலாறு: குக்கியில் சிஎஸ்ஆர்எஃப் ஆபத்து, அதாவது வேறு தளம் நம் குக்கியோடு கோரிக்கை அனுப்பவைப்பது, இல்லையா?

வெண்ணாறு: அதைத் தடுக்கும் சேம்சைட் எதற்கு இருக்கிறது? குரோம் 2020-இலேயே அதன் லாக்ஸ் அமைப்பை இயல்பாக்கிவிட்டது.

அரசலாறு: லாக்ஸ் மட்டும் போதாது. லிங்க்கைத் தொட்டால் போகும் கெட் கோரிக்கையை அது தடுக்காது, அதில் தரவை மாற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வெட்டாறு: அதை அப்புறம் பேசலாம், அவருக்கு நாளை கூட்டம். குடமுருட்டி, எந்த முகவரியில் திறக்கிறீர்கள்?

குடமுருட்டி: சொல்ல விட்டுப்போனது. ஆப் இருக்கும் லேப்டாப்பிலேயே லோக்கல்ஹோஸ்ட் என்று திறந்தால் நன்றாக ஓடுகிறது. அப்பாவின் போனில்தான் சிக்கல். அதே வைஃபை, எச்டிடிபி, 192.168.1.7, போர்ட் 3000.

வெட்டாறு: குக்கியில் செக்யூர் ட்ரூ இருக்கிறதா? எச்டிடிபிஎஸ் என்ற பூட்டிய இணைப்பு இல்லாமல் வரும் செக்யூர் குக்கியை பிரவுசர் வாங்காது. லோக்கல்ஹோஸ்ட்டுக்கு மட்டும் குரோம் விட்டுக்கொடுக்கிறது, 192.168 போன்ற ஐபி முகவரிக்குக் கிடையாது. நாளைக்கு மட்டும் ஃபால்ஸ் போட்டுக் காட்டுங்கள். ஊருக்குக் கொடுக்கும் முன் எச்டிடிபிஎஸ்ஸுக்கான லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் போட்டு ட்ரூ ஆக்கிவிடுங்கள், இலவசம்தான். விவசாயிகளின் போன் நம்பர் உள்ளே இருக்கும் ஆப் இது.

குடமுருட்டி: குக்கி நின்றது! ஆனால் ஒன்றரை நிமிடத்தில் மறுபடி வெளியே வந்துவிட்டது. குக்கியின் ஆயுளான மேக்ஸ்ஏஜ் 86400, ஒரு நாளின் செகண்டு.

வெண்ணாறு: ரெஸ்.குக்கியில் அது மில்லிசெகண்டு. ஒரு நாளுக்கு 86400000.

குடமுருட்டி: சரியாகிவிட்டது. நன்றி அண்ணே.