தூண் கம்பிக்கு லப் காணாது: கப்ளரா, எப்பொக்சியா?

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில் மேல்மாடி வேலை. தூணில் நீட்டிவிட்ட 12 மில்லிமீற்றர் முறுக்குக் கம்பிகள் 300 மில்லிமீற்றர்தான் நிற்குது. லப், அதாவது புதுக் கம்பியைப் பக்கத்தில் வைத்துக் கட்டும் நீளம், விட்டத்தின் 40 மடங்கு பார்த்தாலே 480 வேணும். கம்பியின் வரிகள் கொங்கிறீற்றைக் கவ்வித்தான் இழுவையைக் கடத்தும். லப் குறைந்தால் கம்பி நெடுக வெடித்து உருவிவிடும்.

பொருக்குத் துருவைக் கம்பிப் பிரஷால் எடுத்தாயிற்று, படிந்த மெல்லிய துரு பிடிமானத்தைக் கெடுக்காது. பலகைக்குப் பூசின எண்ணெய் இரண்டு கம்பியில் பட்டிருக்கு, அதுதான் பெரிய பயம். அதை எதால் கழுவலாம்?

வெல்டிங் வேண்டாம், சூட்டில் கம்பியின் பலம் குறையும். கப்ளர், அதுதான் இரண்டு கம்பியை முனையோடு முனை இணைக்கும் இரும்புக் குழல், வவுனியாவில் கிடைக்குமா? துளை போட்டு எப்பொக்சிப் பசையால் புதுக் கம்பி நடுவதென்றால் 12 கம்பிக்கு எவ்வளவு ஆழம் துளைக்கிறீர்கள்? தூசை ஊதி, பிரஷ் போட்டு, திரும்ப ஊதாவிட்டால் பசை தூசில்தான் ஒட்டும். இந்த வேலையைக் கவனமாகச் செய்பவர், இழுத்துப் பரிசோதிப்பவர் வன்னிக்குள் இருந்தால் சொல்லுங்கோ.